சுட்டிகளைச் சேர்த்து வைக்க: பின்போர்டா, டீகோவா, ரெயின்டிராப்பா?

ஒரே சுட்டியை, அதாவது இணையப் பக்கத்தின் முகவரியை, பொதுத் தளம் ஒன்றில் பத்துப் பேர் சேமித்தால், அடையாளத்துக்காக அவர்கள் இட்ட குறிச்சொற்களை (tags) வைத்தே அந்தப் பக்கம் எதைப் பற்றியது என்று தெரிந்துகொள்ளலாம். 2003-இல் ஜோஷுவா ஷாக்டர் தொடங்கிய டெலிஷியஸ் என்ற தளம் இதை எல்லோருக்கும் பழக்கியது. 2005-இல் யாஹூ அதை வாங்கியது. அப்புறம் கைமாறிக் கைமாறி, 2017-இல் போட்டித் தளமான பின்போர்டிடமே போய்ச் சேர்ந்தது.

அந்தப் பழைய ருசி இன்றும் இருப்பது பின்போர்டில்தான். படம், அலங்காரம் எதுவும் இல்லை, வெறும் எழுத்து, அதனாலேயே வேகம். இடைவெளி விட்டால் அடுத்த குறிச்சொல் ஆகிவிடும் என்பதால் 'தமிழ் இலக்கணம்' என்று எழுத முடியாது, 'தமிழ்_இலக்கணம்' என்று சேர்த்துத்தான் எழுத வேண்டும். புள்ளியில் தொடங்கும் குறிச்சொல் நமக்கு மட்டுமே தெரியும். தனியாகப் படிப்பவருக்கு இதுவே போதும்.

குழுவாக வேலை செய்தால் கதை வேறு. ஒருவர் 'கணினி' என்பார், இன்னொருவர் 'கம்ப்யூட்டர்' என்பார், மூன்றாமவர் 'கணிப்பொறி' என்பார். மூன்று மாதத்தில் ஒரே பொருள் மூன்று இடத்தில் சிதறிக் கிடக்கும். எனக்கு டீகோ பிடிக்கக் காரணம் இதுதான்: குழுவுக்கென்று ஒரு குறிச்சொல் பட்டியலை முன்கூட்டியே வகுத்து வைக்கலாம். பக்கத்திலேயே வரிகளை வண்ணமிட்டு, ஓரத்தில் குறிப்பும் எழுதலாம். சேர்ந்து ஆய்வு செய்பவர்களுக்கு இதைத்தான் சொல்வேன்.

ரெயின்டிராப் பார்க்க அழகு. குறிச்சொல் உண்டு, ஆனால் பகிர்வது தொகுப்புகளாகத்தான், அதாவது கோப்புறைக்குள் நண்பர்களைச் சேர்ப்பது போல. முன்பின் தெரியாதவர் அதே பக்கத்துக்கு என்ன பெயர் வைத்தார் என்று பார்க்கும் சுகம் இதில் இல்லை. சொந்த சர்வர் நடத்தத் தெரிந்தவர்களுக்கு லிங்க்டிங் என்ற திறமூல மென்பொருள் இருக்கிறது.

எதை எடுத்தாலும், சேமித்த சுட்டிகளைக் கோப்பாக இறக்கித் தரும் ஏற்றுமதி வசதியை முதல் நாளே சோதித்துவிடுங்கள். இதே போன்ற சேவைகளான கூகுள் புக்மார்க்ஸ் 2021-இலும் பாக்கெட் 2025-இலும் மூடப்பட்டன. சரி, கோப்பு இறங்கிவிட்டது என்று நிம்மதியாக இருந்துவிட வேண்டாம். குரோம் உலாவியில் குறிச்சொல் வசதியே கிடையாது. அதில் ஏற்றினால் சுட்டி மட்டும்தான் வரும். இறக்கிய அசல் கோப்பை அப்படியே தனியாக வைத்திருங்கள்.