அடுப்படியில் அம்மா: மொபைலா, ஃபிளாஷா, 35 மி.மீ. லென்ஸா?

எங்கள் வீட்டு ஆல்பத்தில் அப்பத்தா ஸ்டுடியோ நாற்காலியில் இருக்கிறார், கல்யாணப் பந்தலில் இருக்கிறார், கோயில் திருவிழாவில் இருக்கிறார். அடுப்படியில் இருக்கும் படம் ஒன்றுகூட இல்லை. நாளில் பாதிப் பொழுது அவர் அங்கேதான் இருந்தார். அம்மி அரைக்கும்போது எந்தப் பக்கம் சாய்ந்து உட்காருவார் என்று கேட்டால் எங்கள் வீட்டில் ஆளுக்கொரு பதில் வருகிறது. அம்மாவுக்கும் அப்படி ஆகிவிடக் கூடாது என்றுதான் போன மழைக்காலம் முழுக்க வீட்டுக்குள்ளேயே படமெடுத்தேன்.

கையில் மூன்று வழி இருந்தது. ஒன்று மொபைல். இன்னொன்று கேமராவோடு வந்த 18-55 ஜூம் லென்ஸும் கேமராவின் தலையில் எழும் ஃபிளாஷும். மூன்றாவது, பழையதாக வாங்கிய 24 மி.மீ. லென்ஸ், ஃபிளாஷ் இல்லாமல். லென்ஸின் மி.மீ. எண் குறையக் குறைய அது காட்டும் பரப்பு அகலும். என் கேமராவின் சென்சார் (ஒளியைப் படமாக்கும் சில்லு) சிறியது என்பதால் அந்த 24, பெரிய சென்சாரில் 35 மி.மீ. லென்ஸ் காட்டும் பரப்பையே ஏறக்குறைய காட்டும். இனி அதை 35 என்றே சொல்கிறேன்.

படத்துக்கு முன்னால் வீட்டைச் சொல்லியாக வேண்டும். ரங்கூன் மாடி வீடுகளில் பலவற்றைப் போல எங்களுடையதும் பன்னிரண்டரை அடி அகலம், 50 அடி நீளம். ரயில் பெட்டி மாதிரி. வெளிச்சம் முன்பக்கம் பால்கனி வழியாக வரும், பின்பக்கம் அடுப்படி ஜன்னல் வழியாக வரும். நடுவில் பட்டப்பகலிலும் டியூப் லைட்தான். இந்த வீட்டில் நல்ல படம் வேண்டுமென்றால் ஆள் அந்த இரண்டு முனைகளில் ஒன்றில் இருக்கும்போது எடுக்க வேண்டும், நாம் ஜன்னலுக்கு எதிரே நிற்காமல் பக்கவாட்டில் நிற்க வேண்டும். எந்தக் கருவிக்கும் இது பொருந்தும்.

இனி போட்டி. காலையில் அம்மா கன்னத்தில் தனக்கா (மரப்பட்டையை அரைத்த பர்மியச் சாந்து) பூசிக்கொண்டு, தரையில் அருவாமனை போட்டு மீன் ஆய்கிறார். அண்ணன் மகள் பக்கத்தில் குந்தியிருக்கிறாள்.

ஃபிளாஷ் வழி முதல் சொடுக்கிலேயே தோற்றது. தனக்கா வெள்ளைத் திட்டாக வெந்துபோனது. அம்மாவின் நிழல் பின்சுவரில் கறுப்பாக ஒட்டிக்கொண்டது. அதைவிடப் பெரிய நஷ்டம், மின்னல் வெட்டியதும் இருவரும் நிமிர்ந்து என்னைப் பார்த்துவிட்டார்கள். "என்னத்தடா எடுக்குற? தலைகூட வாரலை" என்று அம்மா புடவையைச் சரிசெய்துகொண்டார். அதற்குப் பிறகு வந்ததெல்லாம் ஸ்டுடியோ படம்தான். தனி ஃபிளாஷ் வாங்கி மேற்கூரையில் அடித்துத் திருப்பினால் நிழல் மென்மையாகும், உண்மை. ஆனால் எங்கள் பச்சைச் சுவரில் பட்டு வரும் ஒளி முகத்தையும் பச்சையாக்கும். மின்னல் மின்னல்தானே, ஆட்கள் நிமிரத்தான் செய்வார்கள்.

மொபைலை அவ்வளவு சுலபமாகத் தள்ளிவிட முடியாது. நான் ஏதோ வீடியோ பார்க்கிறேன் என்று நினைத்து யாரும் தலை நிமிர்வதில்லை. எப்போதும் கையில் இருக்கிறது. ஆனால் மூன்று குறைகள் கண்டேன். மெயின் கேமரா 26 மி.மீ. அளவுக்கு அகலமானது. ஆறடி தள்ளி நின்றால் எட்டடி அகலம் உள்ளே வந்துவிடும். கேஸ் சிலிண்டர், குப்பைக்கூடை, தொங்கும் கைலி எல்லாம் சேர்ந்து அம்மாவைச் சிறிதாக்கிவிடும். கிட்டே போனால் ஓரத்தில் இருக்கும் பிள்ளையின் தலை இழுபடும். இரண்டாவது, இருட்டினால் தானாகவே நைட் மோடுக்குப் போய்ப் பல படங்களை ஒன்றாக அடுக்குகிறது. அசையாத சுவர் பளிச்சென்று இருக்கும், மீன் ஆயும் கை பஞ்சாகிவிடும். எனக்கு வேண்டியதோ அந்தக் கை. மூன்றாவது, முகத்தை மெழுகும் வசதி. தனக்கா காய்ந்து வெடித்த கோடுகளை அது அழுக்கு என்று எண்ணி அழித்துவிட்டது. மொபைலில்தான் எடுப்பீர்கள் என்றால் நைட் மோடையும் இந்த மெழுகலையும் முதலில் அணைத்து வையுங்கள்.

இப்போது 35. ஆறடி தூரத்தில் ஆறடி அகலம்: அம்மா, அருவாமனை, மீன் சட்டி, பிள்ளை. வேறெதுவும் வேண்டாம். லென்ஸின் வாய் எஃப் 2 வரை திறப்பதால் (எஃப் எண் சிறிதானால் ஒளி அதிகம்) ஐஎஸ்ஓ, அதாவது சென்சாரின் ஒளியுணர்வு, 3200-இல் ஷட்டர் 1/100 நொடி கிடைத்தது. அதே இடத்தில் ஜூம் லென்ஸ் எஃப் 4-ஐத் தாண்டித் திறக்காது. கால் பங்கு ஒளிதான். ஐஎஸ்ஓவை 12800-க்கு ஏற்றினால்தான் அந்த 1/100 வரும், படம் மணல் மணலாக இருக்கும். புது கேமரா வாங்கக் காசு சேர்ப்பவர்கள் அதில் ஒரு பகுதிக்கு இப்படியொரு பழைய லென்ஸ் வாங்கினாலே போதும்.

1/100 என்ற எண்ணுக்கு ஒரு காரணம் உண்டு. நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதனால் விளக்கு நொடிக்கு 100 தடவை மங்கி எழும். 1/100 நொடியில் ஒரு முழுச் சுற்று அடங்கிவிடும். ஷட்டரை 1/250-க்குக் கொண்டுபோய், சத்தம் வரக் கூடாதென்று எலெக்ட்ரானிக் ஷட்டரையும் போட்டால், பல விளக்குகளின் கீழ் படத்தில் கறுப்புப் பட்டைகள் விழும். இது தெரியாமல் ஒரு வாரப் படங்களை வீணாக்கினேன். விளக்கடியில் 1/100, ஜன்னலடியில் 1/250. ஜன்னல் ஒளி போதுமானதாக இருந்தால் டியூப் லைட்டை அணைத்துவிடுகிறேன், முகத்தில் பாதி பச்சையும் பாதி நீலமுமாக வராது. அதுவும் காட்சியில் கைவைப்பதுதானே என்று நண்பர் ஒருவர் சண்டைக்கு வந்தார். விளக்கை அணைப்பேன், அம்மாவை நகர்ந்து உட்காரச் சொல்ல மாட்டேன். என் எல்லை அது.

50 மி.மீ. கட்சிக்காரர்களும் உண்டு. 1948-இல் பர்மாவுக்கு வந்த பிரெஞ்சுப் புகைப்படக்காரர் ஆன்ரி கார்த்தியே பிரெசோனே பெரும்பாலும் 50-இல்தான் எடுத்தார் என்பார்கள். சரிதான். ஆனால் பின்னால் நகர அவருக்குத் தெரு இருந்தது. எனக்கு ஆறடியில் முதுகு பீரோவில் இடிக்கிறது. அந்தத் தூரத்தில் 50 காட்டுவது நாலேகால் அடிதான்: அம்மா வருவார், பிள்ளை வெளியே போய்விடுவாள்.

கேமரா கண்ணுக்குத் தெரியும், மொபைல் தெரியாது என்பதையும் எடை போட்டுப் பார்த்தேன். கேமரா கண்ணுக்குத் தெரிவதே நல்லது என்று எனக்குப் பட்டது. முதல் பத்து நாள் எடுக்காமலேயே கேமராவைச் சாப்பாட்டு மேசை மேல் வைத்திருந்தேன். பதினோராம் நாள் மீன் ஆயும்போது அம்மா என்னைப் பார்க்காமலே, "அங்கிட்டு நில்லு, செதில் தெறிக்கும்" என்றார். அன்று எடுத்த படத்தைத்தான் பிரிண்ட் போட்டிருக்கிறேன். அம்மா எடுக்காதே என்று சொன்ன நாட்களில் எடுக்கவில்லை.

மொபைல் ஜெயித்த இடம் ஒன்று உண்டு, பால்கனி. பால்கனியிலிருந்து தெருவரை தொங்கும் மணிக்கயிற்றைக் கீழே காய்காரர் இழுப்பார். பையை மேலே தூக்க அம்மா எட்டிக் குனிவார். அரை நிமிட வேலை. உள்ளே ஓடிக் கேமரா எடுத்து வருவதற்குள் பை மேலே வந்துவிடும். இடது கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு மொபைலை வெளியே நீட்டினால், அம்மாவின் கை, கயிறு, நான்கு மாடி கீழே அண்ணாந்து பார்க்கும் காய்காரர் எல்லாம் ஒரே படத்தில். இங்கே அந்த 26-இன் அகலம்தான் வேண்டியிருக்கிறது.