வெலோடாக்கா, வெப்ளி .32-ஆ?

புதுச்சேரியில் பழைய சிறு ரிவால்வர் ஒன்றைச் சேகரிப்பில் சேர்க்க நினைப்பவருக்கு பிரெஞ்சு வெலோடாக் மீதும் கண், பிரிட்டிஷ் வெப்ளி மார்க் 4 மீதும் கண்.

தோட்டா: வெலோடாக்கின் 5.5 மி.மீ. தோட்டாவைக் கடையில் தேடுவது வீண். வெப்ளிக்கு வேண்டிய .32 தோட்டா இந்தியாவிலேயே தயாராகிறது. பாதி முடிவு இங்கேயே வந்துவிடுகிறது.

அமைப்பு: சைக்கிளில் போகிறவர்கள் துரத்தும் நாய்களை விரட்ட 1890-களில் பிரான்சில் பிறந்தது வெலோடாக். பெரும்பாலும் தோட்டாவை அடிக்கும் சுத்தியல் உள்ளே மறைந்திருக்கும், சுட இழுக்கும் விசை மடங்கும். பார்க்கப் பொம்மை, நாய்க்குத்தான் பாவம். வெப்ளியோ நடுவில் மடிந்து திறக்கும். சுட்ட தோட்டாக்களின் ஆறு வெற்றுக்கூடுகளும் ஒரே தள்ளலில் மேலெழும்.

குறி: வெலோடாக்கில் குட்டைக் குழல், கனத்த விசை, சில அடிக்கு மேல் நம்ப முடியாது. வெப்ளி நிதானமாகச் சுடும்.

கடல்காற்று: இரண்டும் துருப்பிடிக்கும். எண்ணெய் பூசுங்கள், ஈரம் உறிஞ்சும் தோல் உறையில் மட்டும் வைத்துவிடாதீர்கள்.

உரிமம்: ஆயுதச் சட்டத்தின் 2019 திருத்தத்துக்குப் பின் ஒருவருக்கு இரண்டு துப்பாக்கிகளே. பழுதுபார்த்தாலும் சுட முடியாத பழம்பொருளுக்கு மட்டுமே 1959 ஆயுதச் சட்டத்தின் 45-ஆம் பிரிவு விலக்குத் தருகிறது. ஆனாலும் அதிகாரியிடம் எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

கண்ணாடிப் பெட்டிக்கு வெலோடாக். சுடுதளத்துக்கு வெப்ளி, அதுவும் துப்பாக்கி பழுதுபார்ப்பவர் சோதித்த பிறகு.