சாரியாஹோவின் இரண்டு ஓபராக்கள்: எதை முதலில் கேட்பது?

பின்லாந்தில் பிறந்து பாரிசில் வாழ்ந்த இசையமைப்பாளர் காயா சாரியாஹோ 2023இல் காலமானார். அவர் இசைக்குள் நுழைய நல்ல வாசல்கள் இரண்டு ஓபராக்கள், அதாவது இசை நாடகங்கள்: 2000இல் ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க்கில் அரங்கேறிய 'லமூர் த லுவா' (தொலைவிலிருந்து காதல்), 2021இல் பிரான்ஸின் எக்ஸ்-ஆன்-ப்ரொவான்ஸில் அரங்கேறிய 'இன்னொசென்ஸ்'.

முதலாவதில் மூன்றே பாத்திரங்கள், கூடவே ஒரு பாடகர் குழு. பன்னிரண்டாம் நூற்றாண்டுக் கவிஞன் ஒருவன், நேரில் பார்த்திராத, இன்றைய லெபனானில் உள்ள திரிப்போலியின் சீமாட்டியைக் காதலிக்கிறான். இருவருக்கும் நடுவே கடல். ஆர்கெஸ்ட்ராவும் மின்னணு ஒலியும் ஒன்றாகக் கரைந்து அந்தக் கடலாகவே ஆகிவிடுகின்றன. எது வாத்தியம், எது கணினி என்று பிரித்தறிய முடியாது. அதுதான் அவருடைய தனித்திறமை என்பேன். ஆனால் கதை மெல்லத்தான் நகரும், பொறுமை வேண்டும்.

'இன்னொசென்ஸ்' நேர் எதிர். ஹெல்சின்கியில் ஒரு கல்யாண விருந்து. பத்தாண்டுக்கு முன் பள்ளியில் நடந்த துப்பாக்கிச் சூடு அதற்குள் புகுந்துவிடுகிறது. பாத்திரங்கள் ஒன்பது மொழிகளில் பாடுகிறார்கள், பேசுகிறார்கள். செத்துப்போன மாணவி மார்கேத்தாவுக்கு ஓபராக் குரல் இல்லை. பின்லாந்தில் மாடுகளைக் கூப்பிடும் பழைய பாட்டு முறையில், குரல் சட்டென்று உச்சிக்குத் தாவுகிறது. அவள் அம்மா அழும்போது அந்தக் குரலைக் கேளுங்கள், நெஞ்சு பதறும்.

ஒலியின் அழகுக்கு முதலாவது. நாடகமாக, எனக்கு இரண்டாவதுதான் மேல். புதிதாகக் கேட்பவர்கள் அதிலிருந்தே தொடங்கலாம்.