ஓட்டெல் ரிஎஸ்508: புதுச் சில்லு பூட்டிய பிறகு விடாமல் எரியும் ரயர் லைற்றுக்கு ஒரு நல்ல கருவி

ஓட்டெல் ரிஎஸ்508, ரயருக்குள் இருக்கும் காற்றழுத்த சென்சரை வெளியிலிருந்தே வாசிக்கிற ஒரு கைக் கருவி. மகள் ஓட்டும் 2015 கொரோலாவுக்குக் குளிர்கால ரயர்களோடு வேறு அலோய் சில்லுகள் பூட்டினோம். அன்றிலிருந்து டாஷ்போர்டில் மஞ்சள் ரயர் லைற் நூரவே இல்லை. அதற்காகத்தான் இந்தக் கருவியையும், அதே கொம்பனியின் எம்எக்ஸ் சென்சர் நாலையும் வாங்கினேன். ஒரு குளிர்காலம் முழுக்கப் பாவித்தாகிவிட்டது. காசுக்குப் பெறுமதியான சாமான். ஆனால் எல்லா வீட்டுக்கும் தேவைப்படாது. யாருக்குத் தேவை என்று சொல்வதற்கு முன் அந்த லைற் ஏன் எரிகிறது என்பதைச் சொல்ல வேண்டும். எனக்குத் தெரிந்த பலர் அதைப் பிழையாக விளங்கி வைத்திருக்கிறார்கள்.

மகள் கனடாவில் ஹமில்ரனில் படிக்கிறாள். வீடு ஸ்காபரோவில்; அங்கிருந்து 401 நெடுஞ்சாலை, பிறகு 403. பனிக்காலத்தில் இரவு பத்து மணிக்குத் தனியாகத் திரும்பி வருகிற பிள்ளை. ரயரில் காற்று இறங்கினால் அவளுக்கு முதலில் சொல்லப்போவது அந்தச் சின்ன லைற்தான். "பரவாயில்லை அண்ணை, அது சும்மா எரியும், நீங்கள் ஓடுங்கோ" என்று சில்லு பூட்டிய கடையில் சொன்னபோது எனக்கு மனம் ஒப்பவில்லை. எப்போதும் எரிந்துகொண்டிருக்கிற லைற், உண்மையாகக் காற்று இறங்குகிற நாளில் எதைக் காட்டும்?

அந்த லைற் இரண்டு விதமாக எரியும். காரை ஸ்ரார்ட் பண்ணியதும் மற்ற லைற்றுகள் நூர்ந்த பிறகும் இது நிலையாக எரிந்தால், ஏதோ ஒரு ரயரில் காற்றுக் குறைவு. ஒரு நிமிடமளவு மினுக்கி மினுக்கி, பிறகு நிலையாக எரிந்தால், அமைப்பிலேயே கோளாறு. பெரும்பாலும் காருக்கு சென்சரின் குரல் கேட்கவில்லை என்று அர்த்தம். எங்கள் கொரோலா மினுக்கியது. அதற்குக் காற்றடித்துப் பயனில்லை. கடைக்காரர் நாலு சில்லிலும் சாதாரண ரப்பர் வால்வைப் போட்டு அனுப்பியிருந்தார். பழைய சில்லுகளில் இருந்த சென்சர்கள் எங்கள் கராஜிலேயே கிடந்தன.

காரில் இருக்கும் ரீசெற் பட்டனைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். ரொயோற்றாவில் சில கார்களில் அது கைப்பெட்டிக்குள் இருக்கும், சிலவற்றில் ஸ்டியரிங்குக்குக் கீழே. அதை அமத்திப் பிடித்தால் லைற் மெதுவாக மூன்று தரம் மினுக்கும். உடனே எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைப்பார்கள். அந்தப் பட்டன் புது சென்சரை அடையாளம் காணாது. இப்போது ரயருக்குள் இருக்கும் அழுத்தத்தையே சரியான அளவாக எடுத்துக்கொள் என்று காருக்குச் சொல்வது மட்டும்தான் அதன் வேலை. காற்றுக் குறைந்த ரயரோடு அதை அமத்தினால் அந்தக் குறைவையே சரி என்று கார் பதிந்துகொள்ளும். எச்சரிக்கை இன்னும் பிந்தித்தான் வரும். எனவே நாலு ரயரும் குளிர்ந்திருக்கும்போது, ஓட்டுநர் பக்கக் கதவுச் சட்டத்தில் ஒட்டியிருக்கும் அளவுக்குக் காற்றடித்துவிட்டுத்தான் அந்தப் பட்டனைத் தொட வேண்டும்.

ஒவ்வொரு சென்சருக்கும் எழுத்தும் இலக்கமும் கலந்த ஓர் அடையாள எண் உண்டு. சில்லு சுழலும்போது அது அழுத்தத்தையும் வெப்பத்தையும் இந்த எண்ணோடு சேர்த்து ரேடியோ அலையில் அனுப்பும். எங்கள் கொரோலாவுக்கு 315 மெகாஹேர்ட்ஸ். ஐரோப்பாவிலும் வேறு பல கார்களிலும் 433. அலைவரிசை மாறினால் சென்சர் நன்றாக இருந்தாலும் காருக்குக் கேட்காது. இணையத்தில் மலிவாக வாங்குகிற பலருக்கு நடப்பது இதுதான். எம்எக்ஸ் சென்சரில் இரண்டு அலைவரிசையும் உள்ள வகையை எடுத்தால் அந்தத் தலையிடி இல்லை.

கார் தன் பட்டியலில் பதிந்த எண்களை மட்டுமே கேட்கும். ஆகவே இரண்டு வழிகள் இருக்கின்றன. ஒன்று, புது சென்சர்களின் எண்களை ஓபிடி பிளக் (காரின் கணினியோடு கருவியை இணைக்கிற இடம்) வழியாகக் காரில் பதிவது. அப்படிச் செய்தால் ஏப்ரலில் கோடைச் சில்லுக்கு மாறும்போது திரும்பப் பதிய வேண்டும், நொவெம்பரில் இன்னொரு தரம். ஒவ்வொரு தரமும் டீலரிடம் போனால் அதற்கும் காசு. மற்ற வழி குளோன் பண்ணுவது: பழைய சென்சர்களின் அதே எண்களைப் புது சென்சர்களில் எழுதிவிடுவது. காருக்கு வித்தியாசமே தெரியாது. எந்தச் சில்லைப் பூட்டினாலும் அது தனக்குத் தெரிந்த நாலு எண்களையே கேட்கும். பருவத்துக்குப் பருவம் சில்லு மாற்றுகிறவர்களுக்கு என் முடிவு குளோன்தான், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

ரிஎஸ்508 இரண்டையும் செய்யும். பழைய சென்சரை எழுப்பி வாசித்துக் குளோன் பண்ணலாம். ஓபிடி வழியாகக் காரிலிருந்தே எண்களை எடுக்கலாம். எண்ணைக் கையால் அடிக்கலாம். அல்லது கருவியே புது எண் உருவாக்கித் தரும். நான் முதலாவது வழியில் செய்தேன். கராஜில் அடுக்கியிருந்த பழைய சில்லுகளை ஒவ்வொன்றாக வெளியே உருட்டிக்கொண்டு வந்து, வால்வுக்குக் கிட்ட ரயரின் பக்கவாட்டு ரப்பரில் கருவியை வைத்தேன். உலோகத்தின் மேலே வைக்கக் கூடாது, அலை தடைப்படும். 125 கிலோஹேர்ட்ஸ் அலையால் கருவி தூங்குகிற சென்சரை எழுப்பும். எண்ணும் அழுத்தமும் திரையில் வரும். பிறகு புது சென்சரைக் கருவியின் மேல் பகுதிக்கு முன்னால் வைத்து எழுத வேண்டும். அப்போது மற்ற சென்சர்களை ஒன்றிரண்டு மீற்றராவது தள்ளி வையுங்கள். எல்லாவற்றையும் ஒரே மேசையில் பரப்பி வைத்தால் எது பதில் சொல்கிறது என்று கருவிக்குக் குழப்பம் வரும். எழுதி முடிந்த ஒவ்வொன்றிலும் ஒரு துண்டு ரேப் ஒட்டி எண்ணைக் குறித்துக்கொண்டேன். மொத்த வேலையும் ஒரு தேநீர் ஆறுவதற்குள் முடிந்துவிட்டது.

ரயரைக் கழற்றி சென்சரை உள்ளே பூட்டுவது வீட்டில் நடக்கிற வேலையில்லை. வேறொரு சின்னக் கடைக்குக் கொண்டுபோனேன். அங்கே வேலை செய்கிற தம்பி கவனமானவர். வேறு கொம்பனிச் சில்லில் சென்சர் வடிவாக உட்காருமா என்று முதலில் கையால் வைத்துப் பார்த்தார். றிம்மின் உட்பக்கச் சாய்வு காரோடு வந்த சில்லைப் போல இருக்காது. சென்சரின் உடல் றிம்மில் அழுத்திக்கொண்டிருந்தாலோ, ரயர் உட்காரும் விளிம்புக்கு மேலே எழும்பி நின்றாலோ உடையும். எம்எக்ஸின் உடலைச் சாய்த்துக் கோணத்தைச் சரிசெய்யலாம் என்பது இங்கே பெரிய உதவி. ரயரை ஏற்றும்போதும் மெஷினின் தலை சென்சரில் படாத இடத்திலிருந்து தொடங்கினார். இது தெரியாத கடையில் சென்சர் உடைவது சாதாரண விஷயம், முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

நான் அலுமினிய வால்வுத் தண்டுள்ள சென்சர் வகையை எடுத்தேன். ஒன்ராறியோவில் வீதியில் உப்பைக் கொட்டுகிறார்கள் அல்லவா, அந்த உப்பு அலுமினியத்தைத் தின்னும். அதற்குள் சாதாரணப் பித்தளை வால்வ் கோரை (தண்டுக்குள் இருந்து காற்றை அடைத்து வைக்கிற சின்ன ஊசி) போட்டால் இரண்டும் ஒன்றோடொன்று அரித்துப் பிடித்துக்கொள்ளும். பிறகு காற்றடிக்கப் போனால் தண்டே முறிந்து கையோடு வரும். நிக்கல் பூசிய கோர், பிளாஸ்ரிக் மூடி, இவை இரண்டும்தான் வேண்டும். அழகுக்காக உலோக மூடி போடாதீர்கள். இனி வாங்குவதானால் குளிர்காலச் சில்லுக்கு ரப்பர்த் தண்டு வகையையே எடுப்பேன்.

சென்சரோடு சம்பந்தமில்லை, ஆனாலும் சொல்லாமல் விட முடியாது: பல ரொயோற்றா அலோய் சில்லுகளுக்கு வருகிற நட்டின் அடிப்பக்கம் தட்டையானது. வெளிச்சந்தைச் சில்லுகளுக்குப் பெரும்பாலும் கூம்பு வடிவ நட் வேண்டும். பழைய நட்டையே பூட்டினால் சில்லு வடிவாக இறுகாது. நூறு கிலோமீற்றர் ஓடிய பிறகு ரோர்க் றெஞ்ச்சால் திரும்ப இறுக்கிப் பாருங்கள்.

சரி, முடிவு. சில்லுகளைப் பூட்டி மகளை ஓரிடத்துக்குப் போய்வரச் சொன்னேன். லைற் நூர்ந்துவிட்டது. காரில் எதையும் பதியவில்லை, எந்தப் பட்டனையும் அமத்தவில்லை. ஜனவரியில் கடும் குளிர் விழுந்த ஒரு காலையில் திரும்ப எரிந்தது, ஆனால் இந்த முறை மினுக்காமல். "அப்பா, மினுக்கவில்லை, நேராகவே எரியுது" என்று மகள் போன் பண்ணிச் சொன்னாள். அந்த வித்தியாசம் அவளுக்கே விளங்கியதில் எனக்குப் பெரிய ஆறுதல். காற்றைப் பார்த்தால் உண்மையாகவே குறைவு. வெப்பம் 5 அல்லது 6 பாகை செல்சியஸ் இறங்க ஏறக்குறைய 1 பிஎஸ்ஐ குறையும். 20 பாகை வெப்பமுள்ள கடைக்குள் 32 பிஎஸ்ஐ அடித்த ரயர், மறை 15 பாகையில் 26 அளவில் நிற்கும். அமெரிக்க விதிப்படி, சொல்லப்பட்ட அளவிலிருந்து 25 வீதம் குறைந்தால் லைற் எரிய வேண்டும். 32க்கு அது 24. கடையில் அடித்த காற்றை நம்பி இருக்காமல் வெளிக் குளிரில் ஒருக்கால் அளந்து அடியுங்கள்.

இனி, யாருக்கு இது தேவையில்லை. என் மைத்துனரிடம் 2018 ஹொண்டா சிஆர்வி இருக்கிறது. புதுச் சில்லு பூட்டியபோது ஒரு கடையில் அவருக்கும் நாலு சென்சர் விற்கப் பார்த்தார்கள். அந்தக் காரில் சில்லுக்குள் சென்சரே கிடையாது. காற்றுக் குறைந்த ரயரின் சுற்றளவு குறைந்து அது மற்றவற்றைவிட வேகமாகச் சுழலும். பிரேக்கின் ஏபிஎஸ் அமைப்பில் சில்லின் வேகத்தை அளக்கிற சென்சர்களை வைத்தே கார் அதைக் கண்டுபிடிக்கிறது. காற்றைச் சரியாக அடித்து, மெனுவில் கலிபரேஷன் போட்டுக் கொஞ்ச நேரம் ஓடினால் காணும். ஆகவே காசு செலவழிக்கும் முன் உங்கள் கார் எந்த வகை என்று பாருங்கள். வால்வுத் தண்டு உலோகமாக இருந்தால் உள்ளே சென்சர் இருக்க வாய்ப்பு அதிகம். ரப்பராக இருந்தாலும் இல்லை என்று சொல்ல முடியாது, காரின் கையேடுதான் உறுதியான பதில்.

சென்சர் உள்ள ஒரே ஒரு கார், அதற்குப் புதுச் சில்லு நாலு மட்டும் என்றால் சில நூறு டொலர் கொடுத்து இந்தக் கருவி வாங்க வேண்டாம். குளோன் பண்ணித் தருகிற கடையைத் தேடுங்கள், பழைய சில்லுகளையும் கையோடு கொண்டுபோங்கள். வீட்டில் இரண்டு மூன்று கார், சுற்றவர இனசனம் என்றால் வாங்கலாம். வாங்குமுன் தெரிந்துகொள்ள வேண்டியது, இந்தக் கருவி எந்தக் கொம்பனி சென்சரையும் வாசிக்கும், ஆனால் எழுதுவது எம்எக்ஸ் சென்சரில் மட்டும்தான். அப்டேற் செய்யக் கணினியில் இணைக்க வேண்டும். அது பிடிக்காதவர்களுக்கு வைஃபை உள்ள வகையும் இருக்கிறது. பழைய சில்லு நாலையும் குளோன் பண்ணிய சில்லு நாலையும் ஒரே காரில் ஏற்றிக்கொண்டு போகாதீர்கள், ஒரே எண் இரண்டு இடத்திலிருந்து வந்தால் கார் எதை நம்பும்?

இந்த அமைப்பு அமெரிக்காவில் 2007 செப்ரெம்பரிலிருந்து எல்லாப் புதுக் கார்களுக்கும் கட்டாயம். கனடாவில் அப்படிச் சட்டம் இல்லை. அதைச் சொல்லித்தான் லைற்றின் மேல் கறுப்பு ரேப் ஒட்டச் சொல்கிறார்கள். காரை ஏமாற்றி லைற்றை நூர்க்க, சென்சர்களை ஒரு குழாய்க்குள் போட்டுக் காற்றடைத்து டிக்கியில் வைக்கிறவர்களும் உண்டு. தயவுசெய்து பிள்ளைகள் ஓட்டுகிற காரில் அதைச் செய்யாதீர்கள்.

ஏப்ரலில் கோடைச் சில்லுகளைப் பூட்டியபோது லைற் எரியவில்லை. ஆனால் அந்தப் பழைய சென்சர்கள் 2015 இல் காரோடு வந்தவை. பற்றரியை மாற்ற முடியாதபடி அடைத்துச் செய்கிறார்கள், 5 முதல் 10 வருடம்தான் தாங்கும். அவை இறந்துபோனால் வாசித்துக் குளோன் பண்ண முடியாது. ஆகவே நாலு எண்களையும் காரின் கையேட்டின் உள் அட்டையில் எழுதி வைத்திருக்கிறேன். அவற்றைக் கையால் அடித்தே புதுசில் எழுதலாம். உங்கள் சென்சர்கள் பழசென்றால் உயிரோடு இருக்கும்போதே எண்களை எடுத்து வைத்துவிடுங்கள்.