பொக்கெற் கத்தி: பிரெஞ்சு மரப்பிடியா, சுவிஸ் அலுமினியப் பிடியா?

என் வீடு மட்டக்களப்புக் கல்லடியில். வயல் வாவிக்கு அப்பால் வவுணதீவுப் பக்கம். வலையிறவுப் பாலத்தைக் கடந்து நாள்தோறும் போய்வருகின்ற எனக்கு, உரப்பையின் தையலைப் பிரிப்பதற்கும், நீர்ப்பம்பிக் குழாயின் வெடித்த நுனியை அறுத்தெறிவதற்கும், தூண்டில் தங்கூசியை வெட்டுவதற்கும், பதினொரு மணிக்கு வரம்பில் குந்தியிருந்து மாங்காய் சீவுவதற்குமாக ஒரு நாளில் ஆறேழு தடவையாவது கத்தி தேவைப்படும். இரண்டு மடக்குக் கத்திகளைப் பல ஆண்டுகளாக மாறி மாறி வைத்திருந்து, கடைசியில் ஒன்றோடு நின்றுவிட்டேன். எந்தப் பக்கம் சாய்ந்தேன் என்பதை மறைத்து எழுதுவதில் பயனில்லை; சுவிஸ் கத்தியின் பக்கம்தான்.

முதலில் வந்தது பிரான்சின் ஒப்பினெல் 8 ஆம் இலக்கம், காபன் உருக்கு அலகுடையது. பாரிசில் இருக்கும் பெரியம்மாவின் மகன் ஒரு சித்திரை வருடப்பிறப்புக்கு வந்தபோது தந்தது. பின்னர் வந்தது விக்ரோறினொக்ஸ் நிறுவனத்தின் பயனியர்; சுவிசிலிருந்து என் மனைவியின் தம்பி கொண்டுவந்தது. இத்தகைய கத்திகள் எங்கள் வீட்டுக்குக் கடை வழியாக வராமல் உறவு வழியாகவே வந்து சேர்ந்தமையால், விலையை ஒப்பிட எனக்குத் தகுதியில்லை. கடையில் காசு கொடுத்து வாங்கியது ஒன்றே ஒன்று: கோவில் திருவிழாக் காலத்தில் போடப்பட்ட தற்காலிகக் கடையொன்றில், சிவப்புப் பிடியும் வெள்ளைச் சிலுவையும் கொண்ட ஒரு போலி. மூன்றாவது வாரத்தில் உள்ளிருந்த வில் முறிந்து, அலகு தொளதொளவென்று தொங்கத் தொடங்கியது.

வெட்டும் திறனைப் பற்றி நீட்டி எழுத வேண்டியதில்லை. அதில் பிரெஞ்சுக் கத்தியே மேல். அதன் அலகு எட்டரை சென்ரிமீற்றர் நீளமும், மாங்காயை நெல்லுமியளவு மெல்லிதாகச் சீவக்கூடிய மெல்லிய வடிவும் உடையது. தீட்டுக்கல்லில் பத்து நிமிடம் பிடித்தால் முன்னங்கை மயிரை வழிக்கும் கூர் வந்துவிடும். எடை நாற்பத்தைந்து கிராம் அளவில்தான் என்பதால் சாரத்து மடியில் செருகினாலும் இழுக்காது. பிரான்சின் சவோய் மலைப்பகுதியில் 1890 இல் யோசெப் ஒப்பினெல் இந்தக் கத்தியைச் செய்யத் தொடங்கியபோது, அதை வாங்கியவர்கள் அப்பகுதிக் குடியானவர்களே. 1955 இல் சேர்க்கப்பட்ட பூட்டு வளையமும் நல்ல ஏற்பாடு. விரித்த பின் வளையத்தைத் திருப்பிவிட்டால் அலகு விரலின் மேல் மடியாது. சுவிஸ் பயனியரில் அப்படியான பூட்டு இல்லை. வில்லின் அழுத்தம் மட்டுமே அலகை நிறுத்தி வைக்கிறது. குத்துகின்ற வேலைக்கு அதை நம்பக்கூடாது என்பதற்கு என் வலது சுட்டுவிரலின் தழும்பு சாட்சி. பிழை நான் பிடித்த விதத்தில்தான்.

அப்படியென்றால் ஏன் மாறினாய் என்று கேட்பவர்கள் எல்லோரும், விடையையும் தாங்களே சொல்லிவிடுகிறார்கள்: கறள். அது பாதி விடைதான். காபன் உருக்கு கறள் பிடிக்கும் என்பது எவருக்கும் தெரிந்த விடயம். கடலுக்கும் வாவிக்கும் நடுவில் கிடக்கும் கல்லடியில் ஜன்னல் கம்பியே ஓரிரு ஆண்டில் பொருக்கு விடும்போது கத்தி மட்டும் எப்படித் தப்பும்? ஆனால் அலகின் கறளைச் சமாளிக்கலாம். முதல் மாதத்திலேயே தேசிக்காயும் மாங்காயும் வெட்டி வெட்டி, அலகு நீலம் கலந்த சாம்பல் நிறத்துக்கு மாறியது. அந்தக் கருமை படிந்த பிறகு செங்கறள் அவ்வளவு எளிதில் ஏறுவதில்லை. வேலை முடிந்ததும் சாரத்தில் துடைத்து, கிழமைக்கு ஒருமுறை தையல் மெசின் எண்ணெய் ஒரு துளி பூசினால் போதும். முதலில் தேங்காயெண்ணெய்தான் பூசினேன். இரண்டு மாதத்தில் அது பிசுபிசுத்து, தவிட்டையும் மணலையும் பிடித்து வைத்துக்கொண்டது.

என்னைக் களைப்படையச் செய்தது மரப்பிடி. பீச் மரத்தில் கடைந்த பிடியில் ஒரு நீண்ட பிளவு. அதற்குள் அலகு மடிந்து கிடக்கிறது. கார்த்திகை, மார்கழி மழையில் நாள் முழுவதும் நனைந்த காற்சட்டைக்குள் அந்த மரம் நீரைக் குடித்து ஊதும்போது, பிளவு அலகை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். நகத்தால் இழுத்தால் நகம்தான் பெயரும். இதற்குச் சவோய்க்காரர்கள் கண்ட வழி, பிடியின் பின்முனையைக் கடினமான ஒன்றில் தட்டி அலகை வெளியே எட்டிப்பார்க்கச் செய்வது. நானும் பாலத்துக் கட்டிலும் உழவு இயந்திரத்தின் மட்காட்டிலும் தட்டியிருக்கிறேன். ஒரு மாரியில் கன்றின் கழுத்துக் கயிறு கம்பிவேலியில் சிக்கி இறுகியபோது, சேற்றுக்குள் நின்று நான்கு தடவை தட்டியும் அலகு அசையவில்லை. பக்கத்து வயற்காரர் அரிவாளோடு ஓடி வந்து அறுத்தார். மழைக்கு முன்பே பிடிக்கு எண்ணெய் ஊட்டாமல் விட்டது என் சோம்பல்.

அந்தச் சோம்பலைத் திருத்த முயலாமலும் இல்லை. பிடியை ஆளிவிதை எண்ணெயில் ஊறவைத்துக் காயவிட்டேன். பிளவின் உட்புறத்தை மண்கடதாசியால் தேய்த்து அகலப்படுத்தினேன். அந்த மாரியில் கத்தி திறந்தது. ஆனால் ஆனி, ஆடியில் கச்சான் காற்று வீசத் தொடங்கியதும் மரம் வற்றிச் சுருங்கி, அலகு இரு பக்கமும் ஆடியது, வளையம் தானாகவே சுழன்றது. மழைக்கு ஒரு கத்தியும் வெயிலுக்கு ஒரு கத்தியும் என்று ஒரே பிடிக்குள் இரண்டு கத்திகள் இருப்பதுபோல் ஆயிற்று. ஆண்டில் மூன்று மாதம் நனைந்தும் மூன்று மாதம் வறண்டும் கிடக்கும் எங்கள் மண்ணில், அலகைவிட அச்சையும் பிடியையும் பற்றித்தான் முதலில் விசாரிக்க வேண்டும் என்பது அப்போதுதான் உறைத்தது.

சுவிஸ் இராணுவக் கத்தியின் வரலாறும் இதே திசையில்தான் போயிருக்கிறது. 1890 இன் முதல் மாதிரிக்கு மரப்பிடிதான் இருந்தது. பின்னர் மரம் கைவிடப்பட்டது, 1951 இல் அலகு கறள் பிடிக்காத ‘கறையில்’ உருக்குக்கு மாறியது, 1961 இல் அலுமினியப் பிடி வந்தது. என்னிடமுள்ள பயனியர் அந்த 1961 மாதிரியின் வாரிசு. கறையில் உருக்கைக் குறிக்கும் ‘இனொக்ஸ்’ என்ற சொல்லை அந்த நிறுவனம் தன் பெயரிலேயே சேர்த்துக்கொண்டது. மடித்தால் 93 மில்லிமீற்றர்; அலகோடு துளையூசி, தகரம் திறப்பான், போத்தல் திறப்பான் ஆகியவை உண்டு. போத்தல் திறப்பானின் தட்டை நுனி திருப்புளியாகவும் உதவுகிறது. நீர்ப்பம்பிக் குழாயின் இறுக்கு வளையத்தை நான் வேறெதனாலும் இப்போது திருகுவதில்லை.

பராமரிப்பு என்று சொல்லத் தக்கது மிகக் குறைவு. சேறு புகுந்தால் வாளித் தண்ணீருக்குள் பிடித்து எல்லாப் பாகங்களையும் விரித்து மடித்து ஆட்டுவேன். கலங்கல் வெளியேறியதும் உதறிவிட்டு வெயிலில் வைப்பேன். மாதம் ஒருமுறை அச்சில் ஒரு துளி எண்ணெய். இதே குளிப்பாட்டலை மரப்பிடிக் கத்திக்குச் செய்திருந்தால் மறுநாள் அது திறந்திருக்காது. குறை என்றால், அலகின் கூர் விரைவில் மழுங்குகிறது. உரப்பைகள் பத்துப் பன்னிரண்டை அறுத்த மாலையில் கல்லைத் தேட வேண்டியிருக்கிறது. அந்த ஐந்து நிமிடத்தை நான் பொருட்படுத்துவதில்லை.

ஒப்பினெலிலும் கறையில் உருக்கு அலகுடைய வகை உண்டு என்று நண்பர்கள் நினைவூட்டுவார்கள். உண்மைதான், ஆனால் பிடி அங்கும் மரமே. நண்பர் ஒருவரிடம் வாங்கி ஒரு கிழமைதான் வைத்திருந்தேன், அதுவும் பங்குனியில். ஆகவே அதைப் பற்றித் தீர்ப்புச் சொல்வது முறையாகாது. ஆழ்கடலுக்குப் போகிறவர்களின் நிலையும் வேறு. என் கத்தி கண்டது வாவியின் உவர்நீரை மட்டுமே. அலுமினியத்தின் மேற்பூச்சு உரசிப் போன இடத்தைக் கடல் உப்பு ஆண்டுக்கணக்கில் என்ன செய்யும் என்பதை அவர்கள்தான் சொல்ல வேண்டும். லொறி வில்லுத்தகட்டில் கம்மாலையில் அடிப்பித்த கைக்கத்தியை இந்த ஒப்பீட்டில் நான் சேர்க்கவில்லை. என் அம்மப்பாவினுடையது இன்னும் இளநீர் சீவுகிறது, ஆனால் அது மடங்காது, பேருந்தில் இடுப்பில் செருகிக்கொண்டு ஏறவும் முடியாது.

பிரெஞ்சுக் கத்தி இப்போது குசினியில், அடுப்படிக்கு மேல் நனையாத ஒரு தட்டில் இருக்கிறது. மனைவி அதைத் தவிர வேறெதனாலும் பாக்குச் சீவ மாட்டேன் என்கிறார். வெளிநாட்டிலிருந்து வருகின்ற உறவினரிடம் சொல்லி எடுப்பிக்க எண்ணுபவர்கள், பிளாஸ்ரிக் பிடியுடைய சிவப்புக் கத்தியை அல்ல, அலுமினியப் பிடியுடையதைத்தான் வேண்டும் என்று தெளிவாகச் சொல்லிவிடுங்கள். அதோடு, அதைக் கைப்பையில் வைக்காமல் பெரிய பெட்டிக்குள் வைக்கும்படியும் சொல்லுங்கள். என் மைத்துனர் முதலில் வாங்கிய கத்தி விமான நிலையச் சோதனையோடு போய்விட்டது. என்னிடம் இருப்பது அவர் அடுத்த பயணத்தில் கொண்டுவந்த இரண்டாவது.