ஏற்காடு ஏறும் ஸ்கூட்டருக்கு எது சரி: லேசான ரோலரா, ஸ்லைடரா, கெட்டி ஸ்பிரிங்கா?

"டவுனுக்குள்ள நல்லா பறக்குதுங்க, ரெண்டு பேரா அடிவாரம் தாண்டுனா மூச்சு வாங்குது." சேலத்தில் கியர் இல்லாத ஸ்கூட்டர் வைத்திருப்பவர்கள் பலரும் சொல்கிற குறை இது. இதைக் கேட்டதும் சில கடைகளில் "கிட் போட்டுடலாம்ங்க" என்று ஒரு பொட்டலத்தை எடுத்து வைத்துவிடுகிறார்கள். அந்தப் பொட்டலத்துக்குள் பெரும்பாலும் லேசான ரோலர்கள், கெட்டியான கான்ட்ரா ஸ்பிரிங் (பின் புல்லியை மூடிப் பிடிப்பது), கெட்டியான கிளட்ச் ஸ்பிரிங் மூன்றும் இருக்கும். மூன்றும் மூன்று வெவ்வேறு வேலை செய்பவை. ஏற்காட்டுக்கு அவற்றில் ஒன்று மிகவும் தேவை, இன்னொன்று அரிதாகத் தேவை, மூன்றாவது தேவையே இல்லை. எது எது என்று பிரித்துப் பார்ப்பதுதான் இந்த அலசல்.

சேலம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 280 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஏற்காடு ஏறத்தாழ 1,500 மீட்டர். முப்பது கிலோமீட்டர் தூரத்துக்குள், 20 கொண்டை ஊசி வளைவுகளோடு, 1,200 மீட்டருக்கு மேல் ஏறியாக வேண்டும். மேலே போகப் போகக் காற்றும் மெலிகிறது. இந்த உயர வித்தியாசத்தில் காற்றின் அடர்த்தி பத்தில் ஒரு பங்குக்கும் சற்று அதிகமாகக் குறைகிறது. எஞ்சினின் சக்தியும் அந்த அளவுக்குக் குறைகிறது. இஞ்செக்டர் வைத்த பிஎஸ்-6 வண்டி பெட்ரோலின் அளவைக் காற்றுக்கு ஏற்பச் சரிசெய்துகொள்ளும். ஆனால் இல்லாத காற்றை அதனால் கொண்டுவர முடியாது. கார்புரேட்டர் வைத்த பழைய வண்டிக்கு இன்னும் சிரமம். காற்று குறைந்தும் பெட்ரோல் குறையாமல் வருவதால் புகை கட்டி மந்தமாகும்.

இந்தச் சிக்கலை நம்மைவிட ஆழமாக யோசித்தவர்கள் பனிவண்டி (ஸ்னோமொபைல்) ஓட்டுகிறவர்கள். கனடாவில் பொம்பார்டியே என்பவர் 1959-இல் ஸ்கி-டூ என்ற பனிவண்டியை விற்பனைக்குக் கொண்டுவந்தார். அந்த வண்டிகளில் இருப்பதும் நம் ஸ்கூட்டரில் இருப்பதும் அடிப்படையில் ஒரே ஏற்பாடுதான். முன்னால் ஒரு புல்லி, பின்னால் ஒரு புல்லி, நடுவில் வி-பெல்ட். சுழலும் வேகத்தில் எடைகள் வெளியே தள்ளப்பட்டு முன் புல்லியை நெருக்க, பின் புல்லி ஸ்பிரிங்கை எதிர்த்து விரிகிறது. அங்கே எடைகள் கொக்கி வடிவக் கைகளாக இருக்கும், இங்கே ரோலர் எனப்படும் உருளைகளாக இருக்கின்றன, அவ்வளவுதான். பனிமலை ஓட்டிகள் உயரத்துக்கு ஏற்ப எடையை மாற்றுகிறார்கள். இத்தனை ஆயிரம் அடிக்கு இந்த எடை என்று அட்டவணையே உண்டு. அவர்களுடைய இலக்கு ஒன்றே ஒன்று: ஆக்சிலரேட்டரை முழுதாகத் திருகினால் எஞ்சின் தன் உச்ச சக்தி கிடைக்கும் சுழற்சியில் நிற்க வேண்டும், அதைவிடக் கீழே விழக் கூடாது, மேலேயும் ஓடக் கூடாது. நாமும் இந்த இலக்கை வைத்துக்கொண்டு பார்த்தால் கடைக்காரர் தரும் பொட்டலத்தை எடைபோடுவது எளிது.

2020-இல் வந்த ஆக்டிவா 6ஜி-யை எடுத்துக்கொள்வோம். உச்ச டார்க் (முறுக்கு விசை) நிமிடத்துக்கு 5,250 சுழற்சியில், உச்ச சக்தி 8,000 சுழற்சியில். இடைவெளி பெரியது. மைலேஜ், சத்தம், சமதள ஓட்டம் ஆகியவற்றை மனத்தில் வைத்துக் கம்பெனி தேர்ந்தெடுக்கும் ரோலர் எடை, பெல்ட்டைச் சீக்கிரமே உயர்ந்த விகிதத்துக்கு, அதாவது டாப் கியர் போன்ற நிலைக்கு, தள்ளிவிடும். சாரதா கல்லூரி சாலையில் அது சுகம். ஒன்பதாவது வளைவில் பின்னால் ஆள், முன்னால் பை என்று ஏறும்போது, எஞ்சின் சக்தி மிகுந்த பகுதியை எட்டாமலே முனகிக்கொண்டிருக்கும்.

லேசான ரோலர்

பெரும்பாலான ஸ்கூட்டர்களில் ஆறு ரோலர்கள் இருக்கும். அவற்றின் எடையைக் குறைத்தால், புல்லியை அதே அளவு நெருக்க எஞ்சின் கூடுதல் வேகத்தில் சுழல வேண்டும். மையவிலக்கு விசை சுழற்சியின் இருமடிக்கு ஏற்ப மாறுவதால், எடையில் பத்து சதவீதம் குறைத்தால் சுழற்சி ஐந்து சதவீதத்துக்குச் சற்று மேல் கூடும். 13 கிராம் ரோலரை 12 ஆக்கினால், முன்பு 6,000-இல் நின்ற எஞ்சின் ஏறத்தாழ 6,240-இல் நிற்கும். ஒரு கிராம் என்பது காகிதத்தில் அற்பமாகத் தெரியும், மலையில் அப்படித் தெரியாது.

என் கணிப்பில் ஏற்காட்டுக்கு இதுதான் முதல் தேர்வு. விலை குறைவு. பிடிக்காவிட்டால் பழையதைத் திரும்பப் போட்டுக்கொள்ளலாம். பெல்ட்டுக்கோ பேரிங்குக்கோ கூடுதல் அழுத்தம் இல்லை. ஒரு நேரத்தில் ஒரு கிராமுக்கு மேல் இறங்க வேண்டாம். அரை கிராம் வேண்டுமென்றால், மூன்று ரோலர் ஓர் எடையிலும் மூன்று ரோலர் இன்னோர் எடையிலும் வாங்கி, ஒன்று விட்டு ஒன்றாக வைக்கலாம். சமநிலை கெடாது, சராசரி எடை வேலை செய்யும்.

அளவு மீறினால் தண்டனை உண்டு. மிகவும் லேசான ரோலரால் கான்ட்ரா ஸ்பிரிங்கை எதிர்த்துப் புல்லியை முழுதாக மூட முடியாது. ஓமலூர் பக்கம் நெடுஞ்சாலையில் போகும்போது எஞ்சின் கத்தும், வண்டி நகராது, பெட்ரோல் போகும். வாரம் முழுக்கச் சமதளத்தில் ஓட்டி, மாதம் ஒருமுறை மட்டும் மலை ஏறுகிறவருக்கு ஒரு கிராம் குறைப்பே எல்லை. எஸ்டேட்டில் குடியிருந்து நாகலூர், மஞ்சக்குட்டை என்று மேலேயே சுற்றுகிறவர் இரண்டு கிராம் வரை தாராளமாகப் போகலாம்.

ஸ்லைடர்

ரோலருக்குப் பதிலாகப் போடுவது, தைவானின் டாக்டர் புல்லி நிறுவனத்தால் பிரபலமான வடிவம் இது. உருளையாக இல்லாமல், ஒரு பக்கம் தட்டையாகவும் இன்னொரு பக்கம் வளைந்தும் இருக்கும். உருளாமல் சறுக்கும். பெல்ட்டைப் புல்லியின் விளிம்பு வரை இன்னும் கொஞ்சம் தள்ளிக் கொடுப்பதே இதன் பெருமை. அதனால் உச்ச வேகத்தில் எஞ்சின் சற்று ஓய்வாக ஓடும். சேலத்திலிருந்து பெங்களூர் நெடுஞ்சாலையில் அடிக்கடி போகிறவர், ஏரோக்ஸ் 155 போல் சக்தி கூடிய வண்டி வைத்திருப்பவர் இதைப் பார்க்கலாம்.

ஏற்காட்டுச் சாலையில் அந்த உச்ச விகிதத்தைத் தொடும் வாய்ப்பே வருவதில்லை. வளைவுக்கும் வளைவுக்கும் இடையில் கிடைக்கும் நேர்ச்சாலை அதற்குப் போதாது. ஆக, மலைக்காகவே வாங்குகிறவருக்கு ஸ்லைடர் தரும் நன்மை, அதைச் சற்று லேசான எடையில் வாங்குவதால் வரும் நன்மைதான். அதே பலனை உருளை ரோலர் மலிவாகத் தருகிறது. இன்னொன்று, ஸ்லைடருக்குத் திசை உண்டு. தலைகீழாக வைத்தால் மாட்டிக்கொண்டு உடையும். அவசரத்தில் வேலை பார்க்கும் கடையில் இதைச் செய்யச் சொல்வதானால், மூடும் முன் ஆறையும் நீங்களே பார்த்துவிடுங்கள்.

கெட்டி கான்ட்ரா ஸ்பிரிங்

பின் புல்லியை மூடிப் பிடிக்கும் பெரிய ஸ்பிரிங் இது. கெட்டியானதைப் போட்டால் பெல்ட் மெதுவாக உயர்ந்த விகிதத்துக்குப் போகும், வளைவில் வேகம் குறைந்ததும் சட்டென்று கீழ் விகிதத்துக்குத் திரும்பும். கேட்கும்போது ஏற்காட்டுக்கே அளவெடுத்துத் தைத்ததுபோல் தோன்றும். அதற்குக் கொடுக்கும் விலையையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். பெல்ட் எந்நேரமும் கூடுதல் அழுத்தத்தில் ஓடும், சூடு ஏறும், தேய்மானம் கூடும். சேலத்து ஏப்ரல் வெயிலில், ஏற்கெனவே அனலாக இருக்கும் மூடிக்குள் இது நடக்கும்.

அதைவிட முக்கியமான ஒன்று: வளைவில் திணறும் பல வண்டிகளுக்குக் கெட்டி ஸ்பிரிங் தேவைப்படுவதே இல்லை. பழைய ஸ்பிரிங் தளர்ந்து குட்டையாகியிருக்கும். கம்பெனி ஸ்பிரிங்கே புதிதாகப் போட்டால் சரியாகிவிடும். எவ்வளவு நீளம் இருக்க வேண்டும் என்று சர்வீஸ் கையேட்டில் இருக்கும், அளந்து பார்த்தால் தெரிந்துவிடும்.

ஸ்பிரிங்குக்குள் ஒளிந்திருக்கும் டார்க் கேமையும் மறக்கக் கூடாது. பின் புல்லியின் நடுவில் சாய்வான வெட்டுகள், அவற்றில் ஓடும் ஊசிகள். மேடு வந்து சுமை கூடும்போது இந்தச் சாய்வுதான் புல்லியின் இரு முகங்களையும் நெருக்கிப் பெல்ட்டை மேலே தள்ளி, விகிதத்தைக் கீழே கொண்டுவருகிறது. பனிவண்டிக்காரர்கள் இதன் சாய்கோணத்தையே மாற்றி மாற்றிப் போட்டுப் பார்ப்பார்கள். நாம் செய்ய வேண்டியது அதைவிட எளிது: சுத்தம். உள்ளே கிரீஸ் காய்ந்து பிசினாகிவிட்டால் ஊசிகள் சிக்கும், வண்டி மேட்டை உணராது. என்ன கிட் போட்டாலும் அந்த வண்டி பத்தாவது வளைவில் திணறத்தான் செய்யும். அங்கே போடும் கிரீஸ் சூடு தாங்குவதாக இருக்க வேண்டும், சீல்கள் புதிதாக இருக்க வேண்டும். கசிந்து பெல்ட்டில் ஒரு துளி பட்டால்கூட வழுக்கும்.

கெட்டி கிளட்ச் ஸ்பிரிங்

வேண்டாம். பந்தயத் தடத்தில் கிளம்பும் வண்டிக்கு இது பொருந்தலாம். கோடை விழா நாட்களில் பேருந்துக்குப் பின்னால் நடை வேகத்தில் ஊர்ந்து ஏறும் ஸ்கூட்டரில், கிளட்ச் ஷூ தாமதமாகப் பிடித்து, கூடுதல் சுழற்சியில் வழுக்கி, தான் உரசிப் பிடிக்கும் கிண்ணமான பெல்லைச் சுட்டு நீலமாக்கும். அதற்குப் பிறகு ஒவ்வொரு கிளம்பலிலும் உதறல். இறக்கத்தில் இது இன்னும் மோசம், அதைக் கடைசியில் சொல்கிறேன்.

வாங்கும் முன் திறந்து பாருங்கள்

லேசான ரோலருக்கும் கெட்டி ஸ்பிரிங்குக்கும் நடுவே விவாதம் நடக்கும்போது, உள்ளே இருக்கும் பழைய ரோலர்களை யாரும் பார்ப்பதில்லை என்பது எனக்குப் பெரிய வருத்தம். உருளையின் ஒரு பக்கம் தட்டையாகத் தேய்ந்திருந்தால் அது குறிப்பிட்ட இடத்தில் நின்றுவிடும். வண்டி வெட்டி வெட்டிப் போகும். பெல்ட்டின் அகலம் குறைந்தால் புல்லியில் உட்காரும் இடமே மாறிவிடும், கம்பெனி கணக்கிட்ட விகிதம் கிடைக்காது. வெர்னியர் வைத்து அளந்து கையேட்டு எல்லையோடு ஒப்பிட அதிக நேரம் ஆகாது. ரோலர் ஓடும் தடங்களில் விரலை ஓட்டினால் பள்ளம் தட்டுப்படும். தட்டுப்பட்டால் புது ரோலர் வீண். இந்த மூன்றும் சரியாக உள்ள கம்பெனி வேரியேட்டர் (ரோலர்கள் உள்ள முன் புல்லி அமைப்பு), தேய்ந்த பெல்ட்டோடு ஓடும் விலையுயர்ந்த கிட்டை மலையில் எளிதாக முந்தும்.

மூடும்போது ஒரு சூட்சுமம் உண்டு. பின் புல்லியை விரித்து, பெல்ட்டை அதற்குள் ஆழமாக இறக்கி, முன்பக்கம் பெல்ட் தளர்வாக இருக்கும்படி வைத்த பிறகுதான் முன் நட்டை முறுக்க வேண்டும். இல்லாவிட்டால் பெல்ட் இரு முகங்களுக்கு நடுவே நசுங்கி, நட்டு இறுகியதுபோல் ஏமாற்றும். ஓடத் தொடங்கியதும் அது தளர்ந்து, கிராங்க் பற்களைத் தின்றுவிடும். ரோலரில் மிச்சப்படுத்திய பணத்தைப் போல் பல மடங்கு அங்கே போகும். ஏர் கன் வைத்துத் தட்டாமல், புல்லியைக் கருவியால் பிடித்துக்கொண்டு டார்க் ரெஞ்சில் முறுக்கச் சொல்லுங்கள். வாரண்டி உள்ள வண்டியானால், மாற்றும் முன் ஷோரூமில் ஒரு வார்த்தை கேட்டுவிடுவதும் நல்லது.

எஸ்டேட் பாதைகளில் மூட்டை ஏற்றிக்கொண்டு ஓடும் டிவிஎஸ் எக்ஸ்எல்-ஐப் பற்றியும் கேட்பார்கள். அதில் வேரியேட்டர் கிடையாது. மையவிலக்கு கிளட்ச்சும் ஒரே விகிதமும்தான். மாற்றவும் கெடவும் அதிகம் எதுவும் இல்லாததால்தான் மேலே அதற்கு அத்தனை மதிப்பு.

இறக்கம்

ஏறுவதை மட்டும் பேசி நிறுத்திவிடுகிறோம், ஆனால் ஏற்காட்டுச் சாலையில் ஆபத்து இறக்கத்தில்தான் அதிகம். கியர் வண்டியில் இரண்டாவது கியர் போட்டு இறங்கலாம். ஸ்கூட்டரில் அந்த வசதி இல்லை என்று பலரும் நினைக்கிறார்கள், ஓரளவுக்கு உண்டு. ஆக்சிலரேட்டரை விட்டதும் எஞ்சின் இழுத்துப் பிடிக்கும் சக்தி, பெல்ட் எந்த விகிதத்தில் நிற்கிறது என்பதைப் பொறுத்தது. லேசான ரோலரில் பெல்ட் கீழ் விகிதத்திலேயே நிற்கும், எஞ்சின் வேகமாகச் சுழலும், பிடிப்பும் கூடும். ஏற்றத்துக்குச் செய்த மாற்றம் இறக்கத்திலும் உதவுகிறது. கனமான ரோலரில் இது தலைகீழ்.

ஆனால் சக்கர வேகம் ஓர் அளவுக்குக் கீழே போனதும் கிளட்ச் ஷூக்கள் பெல்லை விட்டுவிடும். அந்த நொடியில் எஞ்சின் பிடிப்பு போய், வண்டி சைக்கிள் போல உருளும். எந்த வேகத்தில் விடும் என்பதைத் தீர்மானிப்பது ரோலர் அல்ல, கிளட்ச் ஸ்பிரிங். கெட்டியான ஸ்பிரிங் சீக்கிரமே விட்டுவிடும். வளைவுகளில் முழு வேலையும் பிரேக் ஷூவின் தலையில் விழும், டிரம் சூடேறிப் பிடிப்பு குறையும். கம்பெனி ஸ்பிரிங்கோடு இறங்கும்போதும், வளைவு முடிந்து வண்டி உருளத் தொடங்கியதும் ஆக்சிலரேட்டரை இலேசாகத் தொட்டு விடுங்கள். கிளட்ச் மறுபடி பிடிக்கும், எஞ்சின் இழுப்பு திரும்ப வரும். பிறகு இரு பிரேக்கையும் விட்டு விட்டுப் பிடித்தால் அடுத்த வளைவு வரை டிரம்முக்கு ஆற நேரம் கிடைக்கும்.