நேரு வீதிச் சந்தில் உயிர் பெற்ற ரீல் டேப் ரெக்கார்டர்

அப்பாவின் அகாய் 4000டிஎஸ் ரீல் டேப் ரெக்கார்டரைப் புதுச்சேரி நேரு வீதியை ஒட்டிய சந்திலுள்ள சிறிய பழுதுபார்க்கும் கடையில் கொடுத்து, ஐந்து வாரங்களுக்குப் பின் பெற்றேன். கடற்காற்றின் ஈரத்தில் கறுத்துப்போன சுவிட்சுகளைச் சுத்தம் செய்து, தளர்ந்திருந்த ரப்பர் பெல்ட்டையும் வலுவிழந்த கெப்பாசிட்டர்களையும் மாற்றி, நாடா உரசிச் செல்லும் காந்த முனைகளான ஹெட்டுகளில் தேங்கியிருந்த காந்தத்தை நீக்கிய பிறகே மெக்கானிக் அதில் நாடாவை ஓட்டினார். அந்த நிதானம் எனக்கு மிகவும் பிடித்தது. அழித்தல், பதிவு, ஒலிப்பு ஆகியவற்றுக்குத் தனித்தனி ஹெட் இருப்பதால், பதிவாகும்போதே நாடாவிலிருந்து கேட்க முடிகிறது. நொடிக்கு 19 செ.மீ. வேகத்தில் வீட்டில் பதிந்த என் மகளின் வீணையில், மீட்டிய தந்தி அடங்கும் வரை கார்வை கேட்கிறது. 9.5 செ.மீ. வேகத்தில் நாடா மிச்சமாகும். ஆனால் உச்ச ஒலிகள் மங்குகின்றன. கூலியை முன்கூட்டியே சொல்லாதது மட்டுமே குறை. புதிய நாடாவை நாமே வாங்கிக்கொள்ள வேண்டும்.